சிங்க்டோய் (2005 – 2021)

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் சிங்க்டோய் 2021 இன் தொடக்கத்தில் மறைந்தது. பதிவிறக்கத் தளத்தில் அதற்கென்று இருந்த பக்கம் எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். உலகம் கொரோனாவில் கிடந்த நேரம். அதை யார் கவனித்தார்கள்? எங்கள் ஊரில் ஒருவர் தவறினால் சந்திக்குச் சந்தி அறிவித்தல் ஒட்டுகிறோம். எட்டு, முப்பத்தொன்று என்று நாள் வைத்து நினைக்கிறோம். எங்கள் கணக்குகளையும் படங்களையும் குடும்ப வரலாறுகளையும் பல வருடங்கள் காத்துத் தந்த ஒரு மென்பொருளுக்கு அப்படி ஒரு மரியாதை நடக்கவில்லை. அதைச் செய்யத்தான் இதை எழுதுகிறேன்.

அது செய்த வேலை ஒன்றே ஒன்று. நாம் காட்டுகிற போல்டரை நாம் காட்டுகிற இன்னோர் இடத்துக்குப் பிரதி எடுக்கும். முழுக் கணினியையும் அள்ளிக்கொண்டு போகாது. இதுவும் இதுவும் வேண்டும், மற்றதெல்லாம் கிடக்கட்டும் என்று சொன்னால் கேட்கும். 2005 இல் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், டிஜிட்டல் கமராவில் எடுத்த படங்களை ஒழுங்காகப் பிரதி எடுத்து வைக்க உதவும் இலவசக் கருவியாக வந்தது. 2008 இல் இரண்டாம் பதிப்பு, 2009 இல் 2.1. அதற்குப் பிறகு அதை உருவாக்கியவர்களே திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியிருந்தும் விண்டோஸ் 7 இலும் 10 இலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

திறந்தால் இடப்பக்கம் ஒரு போல்டர், வலப்பக்கம் ஒரு போல்டர். இடப்பக்கம் நம்முடைய வேலை இருக்கும் இடம். வலப்பக்கம் வெளி ஹார்ட் டிஸ்க், இல்லையென்றால் பென் டிரைவ். இந்த இரண்டையும் ஒரு சோடியாகப் பதிந்து ஒரு பெயர் வைக்கலாம். போல்டருக்குள் இருக்கும் உள் போல்டர்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் குறிக்கலாம். பென் டிரைவைக் கழற்றி மாட்டும்போது அதன் எழுத்து ஈ யிலிருந்து எஃப் ஆக மாறிவிட்டாலும், 2.1 பதிப்பு அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும். ஒரே கணினியில் நாலு பேருடைய பென் டிரைவ் ஏறி இறங்கும் கடைகளில் வேலை செய்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். தானாக நடக்க வேண்டுமென்றால் விண்டோஸின் நேர அட்டவணையில் ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டும் நேரத்தில் அது தன்பாட்டில் ஓடி முடிக்கும்.

ஆனால் நான் இதற்கு இரங்கல் எழுதுவது இந்த வசதிகளுக்காக அல்ல. ஒவ்வொரு சோடிக்கும் அது மூன்று வழிகளைக் கொடுத்தது. சிங்க்ரனைஸ் என்றால் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துச் சமமாகும். எக்கோ என்றால் இடப்பக்கத்தில் நடந்ததெல்லாம், அழித்தது உட்பட, வலப்பக்கத்திலும் நடக்கும். மூன்றாவது கன்ட்ரிபியூட். புதிய பைலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், திருத்தியதைப் புதுப்பிக்கும், பெயர் மாற்றினால் அங்கும் மாற்றும். இடப்பக்கத்தில் எதை அழித்தாலும் வலப்பக்கத்தில் கை வைக்காது.

கடலோரத்துக் கோயிலொன்றின் நிர்வாகியான வண்ணக்கர் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது. கோயில் வரவு செலவு, உபயகாரர் பட்டியல், குடிகளுக்குரிய திருவிழா ஒழுங்கு எல்லாம் அப்போதுதான் கொப்பியிலிருந்து கணினிக்கு ஏறியிருந்தன. பேக்கப் என்றால் என்னவென்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்தார்.

"மனே, இஞ்ச ஆரும் தெரியாம அழிச்சா, அங்கயும் அழியுமா?"

"இல்ல வண்ணக்கர் ஐயா. இஞ்ச அழிச்சாலும் அங்க கிடக்கும்."

"அப்ப சரி. அதப் போடு."

கணினிப் பயிற்சி வகுப்புகளில் மணிக்கணக்காகச் சொல்லித்தருவதை அவர் ஒரு கேள்வியில் பிடித்துவிட்டார். பிரதி என்பது மூலத்தின் நிழலாக இருந்தால் மூலம் போகும்போது அதுவும் போய்விடும். மூலத்துக்கு நேர்ந்தது தனக்கு நேராதபடி தள்ளி நிற்பதுதான் பிரதி. கன்ட்ரிபியூட் அப்படித் தள்ளி நின்றது.

களுதாவளைக்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே வந்தால், தேத்தாதீவு தாண்டி, களுவாஞ்சிக்குடிக்கு முன்னால் எங்கள் ஊர். மண்முனை தென் எருவில் பற்றில் பிள்ளையார் கோயிலுக்கும் வெற்றிலைக்கும் பெயர்போன இடம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் மணலால் ஆன ஒரு ஒடுங்கிய நிலம். 1978 நவம்பர் 23 ஆம் தேதி சூறாவளி இந்தக் கரையைச் சுருட்டிப் போட்டது. 1990 இல் போருக்குப் பயந்து மக்கள் கையில் கிடைத்ததோடு ஓடினார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தது. 2011 ஜனவரியில் மழை நிற்காமல் பெய்து, வாவிக்கு அப்பால் படுவான்கரை முழுவதும் வெள்ளத்தில் கிடந்தது. ஒவ்வொரு முறையும் உயிருக்கு அடுத்தபடியாகப் போனவை கடதாசிகள்: பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, சாதாரண தரப் பெறுபேறு, கலியாணப் படம். சுனாமிக்குப் பிறகு ஒரு பிறப்புச் சான்றிதழை மறுபடி எடுக்க அலைந்தவர்களுக்கு, பிரதி என்றால் என்ன என்று நான் சொல்லித்தர வேண்டுமா?

அதற்கும் முன்னாலேயே எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. மட்டக்களப்பின் பழைய வரலாற்றைச் சொல்லும் மட்டக்களப்பு மான்மியத்தை எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். அதுவரை அது ஏடுகளில் வாழ்ந்தது. கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக்குப் பாடும் கண்ணகி வழக்குரையும் அப்படித்தான். ஒரு கோயிலில் கறையான் அரித்தால் இன்னொரு கோயிலில் பிரதி இருந்தது. ஏடு எழுதியவர்கள் ஒரே ஏட்டை ஒரே பெட்டிக்குள் இரண்டு முறை வைக்கவில்லை. வேறு ஊரில், வேறு குடும்பத்தின் பொறுப்பில் வைத்தார்கள். பதிப்பாசிரியர்கள் வந்து தேடியபோது எடுத்துக் கொடுக்க ஏதோ ஒன்று மிஞ்சியிருந்தது அதனால்தான்.

இப்போது அந்த ஏட்டுப்பெட்டி கணினியாகிவிட்டது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியூர்க்காரர் எளிதில் ஊகிக்க மாட்டார்கள். எங்கள் பகுதியில் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் அடிப்போம். கல்வெட்டு என்று சொல்வோம். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், அதோடு வம்சவரலாறு: யாருடைய பூட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் குடி, எந்தக் கோயிலில் என்ன உரிமை, யார் யாரை முடித்தார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் தொகுக்காத சமூக வரலாறு அது. இருநூறு முந்நூறு பிரதி அடித்து வந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். சில வருடத்தில் புத்தகங்கள் தொலைந்துபோகும். மூலம் மட்டும் அதைத் தட்டச்சு செய்த கடையின் கணினியில் ஏதோ ஒரு போல்டரில் கிடக்கும். வீதியோரத்துக் கொமினிகேஷன் கடைகளில் டைப்செட்டிங்கும் போட்டோகொப்பியும் செய்துகொண்டிருந்த பிள்ளைகள், தெரியாமலே ஊரின் ஆவணக் காப்பாளர்களாக இருந்தார்கள். அவர்களில் சிலருடைய மேசையில் சிங்க்டோய் இருந்தது.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கலைச் சொல்லாமல் போக முடியாது. அந்தக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை பேஜ்மேக்கர் மென்பொருளில், பாமினி எழுத்துருவில் அடித்தவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0. அது வந்தது 2001 இல். பாமினியோ யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பைலைத் திறந்தால் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். பேக்கப்புக்குப் போல்டர் தெரிவு செய்கிறவர் கல்வெட்டு போல்டரை மட்டும் காட்டினால், எழுத்துரு விண்டோஸின் உள்ளே வேறோர் இடத்தில் தங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் எரிந்து, புதுக் கணினி வாங்கி, பிரதியைத் திறக்கும் நாளில்தான் அது தெரியவரும். அதனால் விஷயம் தெரிந்த கடைக்காரர்கள் எழுத்துரு பைல்களையும் ஒரு தனிப் போல்டரில் போட்டு அதையும் ஒரு சோடியாகப் பதிந்து வைத்தார்கள். இன்னும் கவனமானவர்கள் முடிந்த புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்கியும் வைத்தார்கள். எதைக் காப்பது என்ற முடிவுதான் பேக்கப்பில் பாதி வேலை. அந்த முடிவை எடுக்கச் சொல்லி சிங்க்டோய் நம்மைக் கேட்டது. தானே எடுத்துவிடவில்லை.

குறைகள் இருந்தன, மறைப்பதற்கில்லை. திறந்து வைத்திருக்கும் பைலைப் பிரதி எடுக்க அதனால் முடியாது. மாதக் கணக்கை மூடாமல் விட்டுவிட்டுப் போனால் அன்றைக்கு அந்தப் பைல் மட்டும் விடுபட்டுப் போகும். ஒவ்வொரு போல்டருக்குள்ளும் தன் குறிப்புக்காக ஒரு மறைவான பைலை வைக்கும், அதை யாராவது அழித்தால் குழம்பும். பெரிய குறை, ஒரு பைலின் பழைய வடிவங்களை வரிசையாக வைத்திருக்கத் தெரியாதது. நல்ல பைல் கெட்டுப்போய், கெட்டது புதிய தேதியோடு இருந்தால், நல்லதன் மேல் கெட்டதை எழுதிவிடும். 2017 மேயில் வானாக்ரை போன்ற, பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல்கள் உலகைப் புரட்டிய பிறகு இது சின்னக் குறை அல்ல. மாட்டியபடியே கிடக்கும் டிஸ்க்கை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. பிரதி முடிந்ததும் கழற்றி அலுமாரிக்குள் வைத்தவர்கள் தப்பினார்கள்.

அது ஏன் செத்தது? வயது ஒரு காரணம். எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையில் கையொப்பமிட்ட மென்பொருள்களை மைக்ரோசொப்ட் 2020 ஆகஸ்ட் முதல் தன் தளத்திலிருந்து அகற்றத் தொடங்கியது. 2009 க்குப் பிறகு கவனிக்காமல் விட்ட சிங்க்டோய்க்கு யாரும் புதிய கையொப்பம் இடவில்லை. நிறுவனத்தின் பார்வை அதற்கு முன்பே திரும்பிவிட்டது. உங்கள் டிஸ்க்கில் நீங்கள் வைக்கும் பிரதியால் அவர்களுக்கு வருமானம் இல்லை. அவர்களுடைய இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் மாதாமாதம் காசு வரும். இன்று புதிதாக ஒரு விண்டோஸ் கணினியைத் திறந்தால் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் பேக்கப் செய்யட்டுமா என்று அதுவே கேட்கும். சம்மதித்தால் அந்தப் போல்டர்கள் ஒன்டிரைவுக்குள் நகர்ந்துவிடும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. கலியாண வீட்டுப் படம் ஒரு தொகுதிக்கே அது காணாது.

அந்த நாலைந்து வருடத்தில் போனது சிங்க்டோய் மட்டுமல்ல. வீட்டுக் கணினிகளுக்கான கிராஷ்பிளான் 2018 அக்டோபர் 22 ஆம் தேதி மூடப்பட்டது. அதில் ஒரு அருமையான வசதி இருந்தது. நாம் தெரிவு செய்த போல்டர்களைப் பூட்டிட்டு, நண்பர் ஒருவரின் கணினிக்கு இணையம் வழியாக இலவசமாக அனுப்பி வைக்கலாம். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மச்சானின் வீட்டு டிஸ்க்கில் ஊர்க் கணக்கின் பிரதி இருக்கும். அவரால் திறந்து பார்க்க முடியாது, ஆனால் அங்கே பத்திரமாகக் கிடக்கும். சிதறி வாழும் எங்களுக்கென்றே செய்தது போன்ற வசதி. மோசி என்ற பழைய பேக்கப் சேவையை 2018 இல் கார்பொனைட் வாங்கி, பின்னர் மூடியது. கூகுளின் பேக்கப் அன்ட் சிங்க் 2017 ஜூலையில் பிறந்து 2021 அக்டோபரில் முடிந்தது. இவை ஒவ்வொன்றையும் நம்பி ஒழுங்கு செய்து வைத்திருந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அவற்றின் இடத்துக்கு வந்தது பேக்கப் என்ற பெயரில் உலவும் ஒத்திசைவு. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் இரண்டுமே அடிப்படையில் இதுதான். கணினியில் இருப்பது மேகத்தில் இருக்கும், கணினியில் அழித்தால் மேகத்திலும் அழியும். சிங்க்டோயின் மொழியில் இது எக்கோவும் சிங்க்ரனைஸும்தான். கன்ட்ரிபியூட் இல்லை. அழித்தது 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்பார்கள். கோயில் திருவிழாப் பட்டியலை வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கிறோம். கல்வெட்டு பைலைப் பத்து வருடம் கழித்து அந்த வீட்டில் இன்னொருவர் இறக்கும்போதுதான் தேடுகிறோம். எங்கள் ஞாபகத்தின் சுற்று முப்பது நாள் அல்ல.

இன்னொன்று காசு. கூகுளில் 100 ஜிபிக்கு மாதம் ஏறக்குறைய 2 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்தது. மே மாதம் 360 வரை போனது. அதே இடத்துக்கு நானூறு ரூபா கட்டியவர் எழுநூறுக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. அதுவும் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில். அந்த மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் டிஸ்க்குகளும் பழுதாயின. இணையமும் இல்லை. அலுமாரியில் இருந்த பிரதிக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை.

கூகுளுக்கு இன்னொரு விதியும் இருக்கிறது. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிப்பட்ட கணக்கை, 2023 டிசம்பர் முதல், உள்ளிருப்பவற்றோடு அழிக்கலாம். எங்கள் பகுதியில் வரலாறு எழுதி வைப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அதிபர்கள். அவர்கள் போய்விட்டால் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. துக்கம் ஆறி, பிள்ளைகள் தேடத் தொடங்கும் நேரத்தில் கணக்கே இருக்காது. பழைய கணினியும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வீட்டில் இருந்தால், பேரன் மாட்டிப் பார்க்கலாம்.

பெரிய இடங்களின் கதையும் இதுதான். இலங்கை அரசின் மேகத் தொகுதியை 2023 இல் பணயத் தீநிரல் தாக்கியது. ஜிஓவி டொட் எல்கே முகவரிகளில் அந்த வருடம் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின, அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட. அந்தக் காலப்பகுதிக்கு இணைப்பிலிருந்து விலக்கி வைத்த பிரதி இருக்கவில்லை. கழற்றி அலுமாரியில் வைத்த டிஸ்க் ஒன்று களுதாவளைக் கடைக்காரரிடம் இருந்தது, அரசாங்கத்திடம் இருக்கவில்லை. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

சரி, இனி என்ன வைத்துக்கொள்வது? சிங்க்டோயை இன்னும் மூலைமுடுக்கிலிருந்து இறக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத மென்பொருளிடம் ஊரின் கணக்கைக் கொடுக்கக் கூடாது. என் தெரிவு பிரீஃபைல்சிங்க். 2008 முதல் இருக்கிறது, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம், விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திரையில் அதே இடப்பக்கம், வலப்பக்கம். அதிலுள்ள அப்டேட் என்ற வழி, பழைய கன்ட்ரிபியூட் போலவே சேர்க்கும், அழிக்காது. சிங்க்டோயிடம் இல்லாத ஒன்றும் அதில் உண்டு. ஒரு பைலின் மேல் புதியது எழுதப்படும்போது பழையதைத் தேதியிட்டு வேறொரு போல்டரில் எடுத்து வைக்கச் சொல்லலாம். வேலையை ஒருமுறை பதிந்து, நேர அட்டவணையில் சேர்த்துவிடலாம். எதையும் புதிதாகப் போட விரும்பாதவர்களுக்கு ரோபோகொப்பி, விஸ்டா காலம் முதல் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதைக் கட்டளை எழுதித்தான் ஓட்ட வேண்டும். ஒரு எழுத்து மாறினால் அழிக்கும் வழிக்குப் போய்விடும். தெரிந்தவர் அருகில் இல்லாமல் தொட வேண்டாம். விண்டோஸின் பைல் ஹிஸ்டரி, 2012 இல் விண்டோஸ் 8 உடன் வந்தது, பழைய வடிவங்களை வைத்திருப்பதில் கெட்டிக்காரன். ஆனால் நாம் விரும்பும் போல்டரைச் சேர்க்க அது எளிதில் விடாது. பேஜ்மேக்கர் பைல்களை டி டிரைவில் வைத்திருக்கும் கடைக்கு அதனால் பயன் குறைவு.

எந்த மென்பொருளை எடுத்தாலும் வண்ணக்கர் கேட்ட கேள்வியை முதலில் கேளுங்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியுமா? அழியும் என்றால் அது வேலையைக் கொண்டுதிரிய உதவும் கருவி, காப்பு அல்ல. அடுத்தது, இந்த நிறுவனம் நாளைக்கு மூடினால் என் பைலை இது இல்லாமலே திறக்க முடியுமா? சிங்க்டோய் எடுத்த பிரதி வெறும் பைல், வெறும் போல்டர். அதனால்தான் அது செத்த பிறகும் அது காத்தவை எதுவும் சாகவில்லை. தன் சொந்த வடிவத்தில் மூட்டை கட்டி வைக்கும் மென்பொருள்களில் இந்த நிம்மதி கிடையாது. எதை எடுத்தாலும் மாதத்துக்கு ஒருமுறை பிரதியிலிருந்து ஒரு பைலை வேறு கணினியில் திறந்து பாருங்கள். எழுத்துரு விடுபட்டது அன்றைக்கே தெரிந்துவிடும்.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஒரு எளிய விதியைப் பரப்பினார்: மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு இடத்தில். முதல் இரண்டையும் பலர் செய்துவிடுகிறோம். கடைசியைத்தான் விட்டுவிடுகிறோம். கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே வீட்டில், ஒரே மேசையில். எங்களுக்கோ அந்த வேறு இடம் இயற்கையாகவே அமைந்திருக்கிறது. கடலோரத்து எழுவான்கரைக்கு ஆபத்து கடலிலிருந்து வரும், படுவான்கரைக்கு ஆபத்து வெள்ளத்திலிருந்து வரும். 2004 இல் கடல் வந்தபோது படுவான்கரையிலுள்ள பழுகாமத்துக்கோ வெல்லாவெளிக்கோ அலை எட்டவில்லை. 2011 இல் அந்தப் பக்கம் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தபோது, இந்தப் பக்கத்து மணல் மேட்டு வீடுகள் பல நின்றன. களுதாவளைக்காரரின் மூன்றாம் பிரதி பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்க வேண்டும். அந்தக் கரையிலுள்ள மண்டூர்க்காரருடையது குருமண்வெளிப் பாதை என்ற மிதவையேறி இந்தப் பக்கம் வர வேண்டும். இரு கரைக்கும் கொண்டான் கொடுத்தான் உறவு பல தலைமுறையாக இருக்கிறது. ஒரு டிஸ்க்கைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, வருடப்பிறப்புக்குப் போகும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருவது பெரிய காரியமா?

கல்வெட்டுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் தொகுத்து இலவசமாக வாசிக்கக் கொடுக்கிறது. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஒரு சமூகம் தானாகவே எழுப்பிக்கொண்ட ஏற்பாடு அது. உங்கள் வீட்டுக் கல்வெட்டின் பிடிஎஃப் அங்கே ஒன்று இருந்தால், கடலுக்கும் வெள்ளத்துக்கும் கறையானுக்கும் எட்டாத ஒரு பிரதி இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எல்லாவற்றையும் அங்கே கொடுக்க முடியாது. கோயில் கணக்கு, காணி உறுதி, பிள்ளைகளின் பெறுபேறு ஆகியவற்றை நீங்களேதான் காக்க வேண்டும்.

டைப்செட்டிங் கடை வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பழைய எக்ஸ்பி கணினியை இரும்புக்குக் கொடுப்பதற்கு முன், அதிலிருக்கும் கல்வெட்டு போல்டரையும் எழுத்துருக்களையும் ஒரு டிஸ்க்குக்கு மாற்றி, கோயிலிலோ பாடசாலையிலோ ஒரு பிரதி கொடுங்கள். சிங்க்டோய் ஓடிக்கொண்டிருந்த கணினிகளில் சில எங்கள் ஊரில் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. மாரி தொடங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.